உருமத்துக்குப் பேர் வந்த விதம்

மாடும் மனிதனும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பகலுக்கு நடுவே ஒரு நேரம் பேரில்லாமல் கிடந்தது.

விடியலுக்குப் பேர் இருந்தது. கோழி அதைக் கூவிச் சொன்னது. அந்திக்குப் பேர் இருந்தது. மேய்ச்சல் முடிந்து திரும்புகிற பசு அதைக் கத்திச் சொன்னது. சாமத்தை நரி பார்த்துக்கொண்டது. பொழுது உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கும் நேரத்தை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வெயிலில் எவன் வாயைத் திறப்பான்? காக்கை அலகைப் பிளந்துகொண்டு கிளையில் உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான்.

பேரில்லாத நேரத்தை யார் மதிப்பார்கள்? காட்டில் வேலை செய்கிறவன் நிமிர்ந்து, "நேரமாச்சுங்க" என்பான். "எதுக்கு நேரமாச்சு?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல அவனிடம் சொல் கிடையாது. வயிற்றைத் தொட்டுக் காட்டலாம். ஆனால் அது பிச்சை கேட்கிற மாதிரி இருக்கும். மானமுள்ளவன் செய்யமாட்டான். மறுபடியும் குனிந்து வேலையைப் பார்ப்பான்.

கொங்குச் சீமையில் மானத்துக்கு எப்போதும் குறைச்சல் இருந்ததில்லை. வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

காங்கயத்துக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் நஞ்சப்பன் என்று ஒருவன் இருந்தான். பாறையைக் குடைந்து வெட்டிய கிணறு, நான்கு ஏக்கர் செம்மண், செவலை என்று ஒரு எருது. அவன் சொத்து இவ்வளவுதான். செவலை அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தது. நஞ்சப்பனை அண்ணா என்று கூப்பிடும். வாய் ஜாஸ்தி.

அந்த வீட்டுக்குப் பாவாயி வாழ வந்தாள். அவள் பிறந்த வீட்டுச் சீராக மயிலை எருதும் கூட வந்தது. சாம்பல் நிறம், கருத்த திமில், மரம் மாதிரிக் கால்கள். பாவாயி கன்றிலிருந்து வளர்த்தது. அதனால் அவளை அக்கா என்றது. அக்கா புருஷன் என்பதால் நஞ்சப்பனை மச்சான் என்றது. நஞ்சப்பனும் அதை மாப்ள என்றுதான் கூப்பிட்டான். முறை என்றால் முறைதான்.

எருதை ஓட்டிக்கொண்டு வந்த அன்று, பாவாயியின் அப்பா கிணற்று மேட்டில் நின்றார்.

"மாப்பிள்ளை, என்ற பொண்ணும் என்ற எருதும் ஒரே நாள்ல உங்க ஊட்டுக்கு வருது. ரெண்டுக்கும் பகல்ல எப்பச் சோறு?"

கேட்டது நியாயம்.  பேரில்லாத நேரத்தை எப்படிச் சொல்வது? நஞ்சப்பன் கிணற்றுக்குள் பார்த்தான். பொழுது அப்போது உச்சிக்கு வந்திருந்தது. ஆழத்தில், தண்ணீருக்கு நடுவில், பொன் தட்டுப் போல மிதந்தது.

அவன் கிணற்றுக் கல்லின் மேல் கையை வைத்தான். "இந்தப் பொழுது என்ற கெணத்துத் தண்ணியில எறங்குனதும் கவலையை நிறுத்திருவனுங்க மாமா. அதுக்கு மேல ஒரு சால் எறைக்க மாட்டேன். அதுக்கு முந்தி ஒரு சால் கொறைக்கவும் மாட்டேன். இது கெணத்து மேல சத்தியம்."

"எனக்குஞ் சம்மதமுங்க மச்சான்" என்று மயிலை ஒரு குளம்பைக் கல்லின் மேல் வைத்தது.

"சோத்துப் பேச்சுக்கு நான் என்னிக்குக் குறுக்க நின்னேன்?" என்றது செவலை.

கிழவர் மீசையைத் தடவிக்கொண்டு ஊருக்குப் போனார். அடுத்த வருஷம் காலமானார். சத்தியம் இருந்தது.

கவலை என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு தடம் இறங்கும். அதற்கு வாரி என்று பேர். இரண்டு எருதுகளும் வடக்கயிற்றை இழுத்துக்கொண்டு வாரியில் இறங்கும். ஓட்டுகிறவன் வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வான். கிணற்றுக்குள்ளிருந்து சால் என்கிற பெரிய வாளி நிறையத் தண்ணீர் எழும்பி வாய்க்காலில் கொட்டும். அப்புறம் எருதுகள் பின்பக்கமாகவே நடந்து மேடேற வேண்டும். மறுபடியும் இறங்க வேண்டும். விடிந்ததிலிருந்து இதுதான் வேலை.

இரண்டு வருஷம் அந்த ஏற்பாடு ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. பொழுது தண்ணீரைத் தொட்டதும் நஞ்சப்பன் வடத்திலிருந்து இறங்கிவிடுவான். சால் பாதி ஏறியிருந்தால் அந்த ஒன்றை மட்டும் கொட்டிவிட்டு அவிழ்ப்பான். வேலமர நிழலில் பாவாயி சோற்றுப் போசியோடு காத்திருப்பாள். கம்மஞ்சோறு, மோர், சின்ன வெங்காயம். எருதுகளுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிய தண்ணீர். பக்கத்துத் தோட்டங்களில் அவனவன் எருதை அந்தி வரைக்கும் இழுத்தடித்துக்கொண்டிருக்கையில் இவர்கள் நாலு பேரும் நிழலில் உட்கார்ந்து உண்பார்கள். பாவாயி நடந்தால் அதிலேயே ஒரு தோரணை தெரியும். பிறந்த வீட்டுச் சொல்லுக்குப் புகுந்த வீட்டில் மதிப்பு இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்?

மூன்றாம் வருஷம் மழை பொய்த்தது. கிணறு வற்றியது. வைகாசியில் நஞ்சப்பன் கிணற்றுக்குள் இறங்கினான். பாறையை உடைத்து, இரண்டு ஆள் மட்டத்துக்குத் தோண்டினான். ஊற்று பீறிட்டது. தேங்காய்த் தண்ணீர் மாதிரி இருந்தது. ஊரே வந்து குடித்துப் பார்த்துவிட்டுப் போனது. நஞ்சப்பன் நிமிர்ந்து நடந்தான். அந்தத் தெம்பில் நாலு ஏக்கரிலும் மஞ்சள் நட்டான்.

மஞ்சளுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். ஆனி பிறந்தது. கவலை ஓடியது.

முதல் நாள் பொழுது உச்சிக்கு வந்தது. நஞ்சப்பன் வடத்திலிருந்து எட்டிப் பார்த்தான். கிணற்றுத் தண்ணீர் கருப்பாகக் கிடந்தது.

"இன்னும் எறங்கலை" என்றான்.

கவலை ஓடியது. பொழுது மேற்கே சாய்ந்தது. தண்ணீர் கருப்பாகவே கிடந்தது. அன்று அந்தியில்தான் அவிழ்த்தான். போசியில் சோறு புளித்துப் பொங்கியிருந்தது.

"ஒரு நாள்தானே" என்றாள் பாவாயி.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அஞ்சாம் நாள் செவலை வாரியின் அடியில் நின்றுகொண்டு, "அண்ணா, நேரமாச்சு" என்றது.

"எதுக்கு நேரமாச்சு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் எருதாப் பொறக்கறேன்?"

நஞ்சப்பன் சிரிக்கவில்லை. "சத்தியம் பண்ணியிருக்குது. பொழுது எறங்கட்டும்."

மயிலை பின்பக்கமாக மேடேறத் தொடங்கியது. அதன் விலாவில் எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. பாவாயி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிணற்றுச் சுவர்ப் பொந்தில் ஒரு புறா குடியிருந்தது. பாவாயி கல்லின் மேல் கவிழ்ந்து அதைக் கேட்டாள்.

"ஏனாத்தா, பொழுது ஏன் உன்ற ஊட்டுப் பக்கம் எறங்கறதில்ல?"

"எறங்காம என்ன? தினமும் எறங்குது" என்றது புறா. "எங்க பொந்து வரைக்கும் வெளிச்சம் வரும். அதுக்குக் கீழ ரெண்டு படி போகும். அப்புறம் திரும்பி மேல போயிரும். முந்தி தண்ணி மேல இருந்துச்சு, தொட்டுச்சு. இப்ப உங்க ஊட்டுக்காரர் பாதாளம் வரைக்கும் தோண்டி வெச்சிருக்காரு. பொழுது என்ன கயிறு கட்டியா எறங்கும்?"

"இனி எப்பத் தொடும்?"

"தண்ணி மேல வரோணும். ஐப்பசி மழை வரோணும்."

ஐப்பசிக்கு இன்னும் நாலு மாசம். பாவாயி கல்லைவிட்டு எழுந்தாள்.

வீட்டுக்குப் போய்ப் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்தாள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாள். அடுத்த நாள் உச்சியில் கிணற்று மேட்டில் நின்று தாம்பாளத்தைச் சாய்த்தாள். வெளிச்சம் சுவரில் நழுவி நழுவி இறங்கித் தண்ணீரில் விழுந்தது. பொன் தட்டுப் போல மிதந்தது.

"ஏனுங்க! பொழுது எறங்கீருச்சு! அவுத்து உடுங்க!"

நஞ்சப்பன் வந்து எட்டிப் பார்த்தான். பிறகு தாம்பாளத்தைப் பார்த்தான்.

"இது தாம்பாளத்துப் பொழுது."

"வானத்துப் பொழுதுதானுங்க தாம்பாளத்துல உழுகுது!"

"மாப்ள, நீ என்ன சொல்ற?" என்று மயிலையைக் கேட்டான்.

மயிலைக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் தலையை ஆட்டியது. "மச்சான் சொல்றதுதான் சரி. பொழுது தானா எறங்கோணும்னுதான் பேச்சு. எங்க ஊட்டுல கள்ளச் சோறு உண்டு பழக்கமில்லீங்க."

"கள்ளச் சோறா இருந்தா என்ன, நல்ல சோறா இருந்தா என்ன?" என்றது செவலை. "நங்கை, தாம்பாளத்தை இன்னும் சித்தச் சாய்ங்க. ரெண்டு பேரும் ஒருவேளை குருடா இருப்பாங்க."

அந்தச் சீமையில் அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

பாவாயி தாம்பாளத்தைக் கீழே போட்டாள். அது வாரியில் உருண்டு போய் விழுந்தது. "ஆளும் எருதும் ஒண்ணாச் சேந்துக்கிட்டீங்களா? நல்லாருங்க."

அன்று அந்தியில் சோறு போடும்போது புருஷனிடம் நேராகவே கேட்டாள். "இனி ஐப்பசி வரைக்கும் பொழுது எறங்காது. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நான்தானே தோண்டுனேன். நான்தானே சொன்னேன்." அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சொல்லு வாங்குனவர் உசிரோட இருந்தா நடந்து போயிக் கேட்டிருப்பேன். 'மாமா, இப்பிடி ஆயிருச்சு, மாத்திக் குடுங்க'ன்னு. அவரு இல்ல. செத்தவருக்குக் குடுத்த சொல்லை நானே மாத்துனா, அப்புறம் தினமும் மாத்தலாம். ஊரு சிரிக்கும். உங்க ஐயனைத்தான் சிரிக்கும், இவனுக்குப் போயிப் பொண்ணக் குடுத்தாரேன்னு."

பாவாயிக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் பேச்சு வராது. எழுந்து கட்டுத்தரைக்குப் போனாள்.

மயிலையின் கழுத்தில் நுகத்தடி தேய்த்த இடம் வெந்திருந்தது. வேப்பெண்ணெய் தடவினாள்.

"நாளைக்கு வாரியில படுத்துருடா, கண்ணு. நீ படுத்தா அவரு அவுத்துத்தான் ஆவோணும்."

"படுக்க மாட்டனக்கா."

"ஏன்டா?"

"உன்ற பொறந்த ஊட்டுச் சீரா வந்தவன் நானு. 'பாவாயி ஐயன் ஊட்டு எருது பாதியில படுத்துருச்சு'ன்னு நாலு பேரு பேசறதை நீ கேக்கோணுமா?"

"அப்பச் சோறாவது கேளுடா."

"சோறு கேக்கற எருது எங்க கட்டுத்தரையில பொறந்ததில்ல. உனக்கே தெரியும்."

தெரியும். அதுதான் கஷ்டம். அவளே போய்ப் புருஷனிடம், "என்ற எருதுக்குக் கொஞ்சம் கருணை காட்டுங்க" என்று கேட்கலாம். ஆனால் பிறந்த வீட்டுக்காகப் புகுந்த வீட்டில் கெஞ்சினதாக ஆகும். அதற்கு அவள் நாக்கு எழவில்லை. இப்படி மூன்று பேரும் ஆளுக்கொரு மானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் எருது தேய்ந்துகொண்டிருந்தது.

"இந்த ஊட்டுல மானமில்லாதவன் நான் ஒருத்தன்தான்" என்றது இருட்டிலிருந்து செவலை. "நான் சொன்னா யார் கேக்கறாங்க?"

பத்தொன்பதாம் நாள். அன்றைக்குக் காற்றே இல்லை. வேலமரத்து இலை ஒன்று கூட அசையவில்லை. பொழுது உச்சிக்கு வந்தது, நின்றது, நகரவும் தொடங்கியது. பாவாயி தலையில் போசியோடு நிழலில் நின்றுகொண்டிருந்தாள். இறக்கி வைக்கவில்லை.

மயிலை பின்பக்கமாக மேடேறிக்கொண்டிருந்தது. முன்னங்கால் ஒன்று மடங்கியது. நிமிர்ந்துகொண்டது. மேலே போய்ச் சேர்ந்தது. சால் தண்ணீரில் விழுந்து நிறைந்தது. மயிலை மறுபடியும் வாரியில் இறங்கத் தொடங்கியது. மூக்கிலிருந்து நுரை கோடு கோடாக வழிந்தது. கண்ணில் வெள்ளை மட்டும் தெரிந்தது.

இன்னும் நாலைந்து சால். அதற்கு மேல் இந்த எருது இல்லை. பாவாயிக்கு அது தெரிந்துவிட்டது.

அவள் நடந்தாள். யோசிக்கவில்லை. நேரே போய் வாரிக்கு நடுவில், இறங்கி வருகிற எருதுகளுக்கு எதிரே நின்றாள். தலையில் போசி.

"இனி ஒரு சால் எறைக்கோணும்னா என்னை மிதிச்சுட்டு எறைங்க!"

எருதுகள் நின்றன. அக்காவை மிதித்துக்கொண்டு எந்தத் தம்பி போவான்?

அவள் ஒன்றை மறந்துவிட்டாள். கவலை எருது பாதியில் நிற்கக் கூடாது. கிணற்றுக்குள் சால் நிறையத் தண்ணீர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. எருது முன்னே போனால் அது மேலே வரும். எருது நின்றால் அது எருதைப் பின்னால் இழுக்கும். பின்னால் இருப்பது கிணறு.

வடம் விண்ணென்று இழுத்தது. செவலை முழங்காலில் விழுந்தது. மண்ணில் நாலு அடி இழுபட்டது. பாரம் முழுவதும் மயிலையின் கழுத்தில் இறங்கியது. மயிலையின் குளம்புகள் செம்மண்ணைக் கீறிக்கொண்டு பின்னே போயின. ஒரு முழம். இரண்டு முழம்.

"ஐயோ! முன்ன வா, கண்ணு! நான் நவுந்துட்டேன், முன்ன வா!" பாவாயி ஒதுங்கி நின்று கத்தினாள். போசி எப்போது இறங்கியது என்று அவளுக்கே தெரியாது.

முன்னே வர மயிலைக்குத் தெம்பில்லை. நிற்பதற்கு மட்டும் கொஞ்சம் இருந்தது. அந்தக் கொஞ்சத்தையும் திரட்டி நாலு காலையும் ஊன்றியது. கொம்பைத் தாழ்த்தியது. அதன் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது.

அது அழுகை இல்லை. சோறு கேட்கிற சத்தமும் இல்லை. உறுமல். இத்தனை நாள் கேட்காமல் விழுங்கி வைத்த பசி முழுவதும் அதில் இருந்தது. உறுமிக்கொண்டே நின்றது. ஒரு விரற்கடை கூட அதற்கு மேல் பின்னே போகவில்லை.

வடம் வீணைக் கம்பி மாதிரி விறைத்து இருந்தது. உறுமல் அதன் வழியாகவே கிணற்றுக்குள் இறங்கியது. கிணறோ ஆழக் கிணறு, பாறைக் கிணறு. வாங்கிய சத்தத்தைப் பத்து மடங்காக்கித் திருப்பி விட்டது. சுவர்ப் புறாக்கள் படபடவென்று வெளியே வந்தன. காலடியில் மண் அதிர்ந்தது. பக்கத்துத் தோட்டத்து எருது ஒன்று தலையைத் தூக்கி உறுமியது. அதற்கு அடுத்த தோட்டத்து எருது உறுமியது. அதற்கும் அடுத்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் ஒவ்வொரு கிணற்று மேட்டிலும் எருதுகள் உறுமிவிட்டு, வாரியில் இறங்க மறுத்து நின்றன.

நஞ்சப்பன் வடத்திலிருந்து குதித்திருந்தான். முதலில் சாட்டையைத்தான் ஓங்கினான். அப்புறம் மயிலையின் காலைப் பார்த்தான். நாலு குளம்பும் கணுக்கால் வரைக்கும் மண்ணில் புதைந்திருந்தன. கால் நடுங்கியது. தலை நடுங்கவில்லை.

சத்தியப்படி இந்தச் சால் மேலே வர வேண்டும். பொழுது தண்ணீரில் இறங்கவில்லை.

இடுப்பிலிருந்து கொடுவாளை உருவினான். புது வடம், சித்திரையில் திரித்தது. ஒரே வெட்டு.

சால் பாறையில் மோதி மோதிப் போய்த் தண்ணீரில் விழுந்த சத்தம் வெகு நேரம் கழித்துத்தான் கேட்டது.

 மயிலை நின்ற இடத்திலேயே நின்றது. நஞ்சப்பன் நுகத்தடியை இறக்கினான்.  

"யாரு உறுமுனது?" என்றான் நஞ்சப்பன்.

"நான் இல்லீங்க மச்சான்" என்றது மயிலை. குரல் கம்மிப் போயிருந்தது. "நான் சோறு கேக்கலை. கெணறுதான் உறுமுச்சு."

"நானும் இல்ல" என்றது செவலை, படுத்த இடத்திலிருந்தே. "உறுமத் தெம்பிருந்தா நின்னிருக்க மாட்டனா?"

நஞ்சப்பன் மேடேறிப் போய்க் கிணற்றுக் கல்லின் மேல் கையை வைத்தான். கல் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.  திரும்பி வரும்போது முகம் தெளிந்திருந்தது.

"கெணத்து மேல பண்ணுன சத்தியம்" என்றான். "கெணறே நிறுத்தச் சொல்லீருச்சு. நிறுத்தீட்டேன். இதுல என்ற சொல்லும் போவல, உங்க ஐயன் பேரும் போவல."

"ஆருங்க போச்சுன்னு சொன்னது?" என்றாள் பாவாயி. கண்ணைத் துடைத்துக்கொண்டு போசியைத் திறந்தாள்.

முதல் கவளத்தை நஞ்சப்பன் உருட்டி மயிலையின் வாய்க்கு நேரே நீட்டினான்.

"உண்ணு, மாப்ள."

"நீங்க உண்ணுங்க மச்சான். அப்புறம் நானு."

"கெணறு உனக்காகத்தான் உறுமுச்சு. உண்ணுடா."

"அதெப்படிங்க, ஊட்டுக்குப் பெரியவர் நீங்க…"

"நீங்க ரெண்டு பேரும் மரியாதை பண்ணி முடிங்க" என்றது செவலை. "அதுக்குள்ள நான் உண்டுக்கறேன்."

இப்படி உண்டுகொண்டிருக்கும்போதே வரப்பில் ஆட்கள் ஓடி வந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து வேலுச்சாமிதான் முன்னால் வந்தார். இடுப்பு வேட்டி பாதி அவிழ்ந்திருந்தது.

"ஏப்பா நஞ்சப்பா, என்னப்பா சத்தம் அது? என்ற எருது நுகத்தடிய உதறிட்டு நிக்குது. அடிச்சாலும் நவுரமாட்டேங்குது. 'நேரமாச்சு, நேரமாச்சு'ங்குது. எதுக்கு நேரமாச்சுன்னு கேட்டா மொறைக்குது!"

நஞ்சப்பன் வாயில் சோறு. பாவாயிதான் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இத்தனை வருஷம் யாருக்கும் வராத பதில் அவளுக்கு வந்தது.

"உறுமத்துக்கு நேரமாச்சுங்க."

"உறுமமா? அப்பிடின்னா?"

"எருது உறுமி, கெணறு உறுமுன நேரம். அப்பக் கயித்தைக் கீழ போட்டுட்டுச் சோறு உண்ணோணும். எங்க தோட்டத்துல அப்பிடித்தான். உங்க எருதுக்கும் தெரிஞ்சிருக்குது, உங்களுக்குத்தான் தெரியலை. நின்னுக்கிட்டே இருக்கீங்களே, உக்காருங்க. உறுமமாச்சு, ஒரு வாய் உண்டுட்டுப் போங்க."

வேலுச்சாமி உட்கார்ந்தார். உட்காராமல் என்ன செய்வார்? அவருக்கும் பசிதான்.

மறுநாள் வேறு வடம், வேறு சால். பொழுது உச்சிக்கு வந்தது. மயிலை வாரியின் மேட்டில் நின்று லேசாக ஒரு உறுமல் விட்டது. கிணறு அதை வாங்கித் திருப்பியது. நஞ்சப்பன், "கெணறு சொல்லீருச்சு" என்று இறங்கினான். மயிலை, "ஆமாங்க, கெணறுதான்" என்றது. அதன் ஆயுசு முழுவதும் இந்த நாடகம் தினமும் நடந்தது. இரண்டு பேரில் ஒருத்தர் கூடக் கடைசி வரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. பாவாயியும் கேட்கவில்லை. அந்த மஞ்சள் மட்டும் நன்றாக விளைந்தது.

சொல் அந்தத் தோட்டத்தோடு நிற்கவில்லை. வேலுச்சாமி கொண்டுபோனார். அவர் மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு அவள் கொண்டுபோனாள். சந்தைக்குப் போன வண்டிக்காரர்கள் வழியெல்லாம் இறைத்துக்கொண்டு போனார்கள். நடுவில் வல்லின றகரம் தேய்ந்து இடையின ரகரம் ஆகிவிட்டது. உறுமம் உருமமாயிற்று. வாய் நிறையக் கம்மஞ்சோற்றை வைத்துக்கொண்டு சொன்னால் எந்த எழுத்துதான் தேயாது? இலக்கணம் பார்க்கிறவன் பசி தீர்ந்த பிறகு பார்க்கட்டும்.

உருமம் என்றால் அந்த நேரம். உருமம் என்றால் அந்த நேரத்துச் சோறும்தான். "உருமத்துக்கு வந்துருங்க" என்றால் விருந்துக்கு அழைப்பு. "உருமம் சாயட்டும்" என்றால் கொஞ்சம் படுத்து எழுந்து போகலாம் என்று அர்த்தம். "உருமத்துல எங்க கெளம்பறே?" என்றால் போகாதே என்று அர்த்தம். ஒரு சொல்லுக்குள் வெயிலும் சோறும் நிழலும் இருக்கின்றன. வேறு சீமையில் மத்தியானம் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அதில் உறுமல் இருக்கிறதா?

மாடு பேச்சை விட்டது. கவலை போய் மோட்டார் வந்தது. ஆனாலும் டிராக்டர் ஓட்டுகிறவன் உச்சி வெயிலில் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவான். ஏன் இறங்கினாய் என்று வரப்பில் நிற்கிற பெரிய மனிதர் கேட்கமாட்டார். களை எடுக்கிற பெண்கள் கூப்பிடாமலேயே கரையேறுவார்கள். அவர்களையும் கேட்கமாட்டார். அந்த ஒரு சொல்லுக்கு அப்படி ஒரு மிடுக்கு. காலை ஊன்றி நின்று வாங்கிய சொல் அது.

அன்றைக்கு அந்த எருது உறுமியதிலிருந்துதான் இந்தச் சீமையில் உச்சி வெயிலில் யாரும் சோறு கேட்பதில்லை. "உருமமாச்சு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போகிறார்கள்.